வலது இண்டிகேட்டர் போட்ட லாரியை முந்தலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கோவைக்குள் ஓட்டிப் பழக்கம் உண்டு. அடுத்த மாதம் அம்மா அப்பாவை உட்காரவைத்துக்கொண்டு சேலம், உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்கு முதல்முறையாக நீங்களே ஓட்டப்போகிறீர்கள். முன்னால் போகிற லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் ‘முந்திப் போ’ என்று அர்த்தம் என்கிறார் உங்கள் மாமா. ‘வராதே’ என்று அர்த்தம் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி என்கிறீர்கள். எதிரே வருகிறவர் லைட் அடித்தால் என்ன பொருள், நாலு இண்டிகேட்டரையும் சேர்த்து எப்போது போடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: அடுத்தவர் காட்டுகிற சிக்னலை நம்பி என் வண்டியை நகர்த்தலாமா?

நான் 11 வருடம் நாமக்கல்லிலிருந்து லோடு லாரி ஓட்டியவன். அதற்குப் பிறகு 16 வருடமாகக் கனரக வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன். அவர் சிக்னலைப் பாருங்கள், மதியுங்கள். ஆனால் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். இண்டிகேட்டர் என்பது ‘நான் இதைச் செய்யப்போகிறேன்’ என்று தன்னைப் பற்றி ஒருவர் சொல்வது. ‘நீ இதைச் செய்’ என்று உங்களிடம் சொல்ல அந்த விளக்குக்கு உரிமை கிடையாது. மாமாவும் நண்பரும் சொல்கிற இரண்டு அர்த்தமும் சாலையில் உண்மையாகவே புழங்குகின்றன. சிக்கலே அங்குதான் இருக்கிறது.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 121-ஆம் பிரிவு சிக்னல் பற்றியது. வலப்பக்கம் திரும்ப, இடப்பக்கம் திரும்ப, நிறுத்த என்ற மூன்று எண்ணங்களை மட்டும் வண்டியில் பொருத்திய கருவியால், அதாவது இண்டிகேட்டராலும் பிரேக் லைட்டாலும், காட்டலாம் என்று அது சொல்கிறது. ‘என்னை முந்திக்கொள்’ என்பது அந்தப் பட்டியலில் கிடையாது. அப்படி ஒரு சிக்னலே இல்லையா என்றால், இருந்தது. கையால் காட்டுகிற சிக்னல். 1989-இல் வந்த சாலை விதிகளில் ஓட்டுநர் கையை வெளியே நீட்டிக் காட்ட வேண்டியவை ஐந்து. வலது கையைக் கிடையாக நீட்டி உள்ளங்கையை முன்பக்கம் காட்டினால் வலப்பக்கம் திரும்புகிறேன். நீட்டிய கையை இடஞ்சுழியாகச் சுற்றினால் இடப்பக்கம் திரும்புகிறேன். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைக்கிறேன். முன்கையை நிமிர்த்திப் பிடித்தால் நிற்கப்போகிறேன். நீட்டிய கையை அரைவட்டமாக முன்னும் பின்னும் வீசினால் நீ என்னை முந்திக்கொள். அந்த விதிகளுக்குப் பதிலாக 2017-இல் புதிய ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன. ஆனால் நான் பழகிய காலத்து ஓட்டுநர்கள் அந்த ஐந்தையும் கையில் வைத்திருந்தார்கள்.

இனி நான் சொல்வது என் ஊகம். சட்டப்புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. கை ஐந்து விஷயம் பேசியது. விளக்குக்கோ இரண்டே பக்கம். கையை உள்ளே இழுத்துக்கொண்டு விளக்குக்கு மாறியபோது ‘முந்திக்கொள்’ என்பதைச் சொல்ல விளக்கு இல்லாமல் போயிற்று. வலது கையைத்தானே வீசினோம் என்று சிலர் வலது இண்டிகேட்டரையே அதற்குப் பழக்கப்படுத்திக்கொண்டார்கள். ‘நான் இடப்பக்கம் ஒதுங்குகிறேன், நீ போ’ என்ற எண்ணத்தில் வேறு சிலர் இடது இண்டிகேட்டர் போட ஆரம்பித்தார்கள். இதை நாங்கள் ‘சைடு கொடுக்கிறது’ என்போம். எந்த ஓட்டுநர் எந்தப் பழக்கத்தில் வளர்ந்தார் என்பது அவர் யாரிடம் கிளீனராக இருந்து கற்றார் என்பதைப் பொறுத்தது. நம்பர் பிளேட்டைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் வண்டி ஓர் ஊர், ஓட்டுகிறவர் ஓர் ஊர்.

ஆக, ஒரு லாரியின் வலது இண்டிகேட்டர் குறைந்தது நான்கு விஷயங்களில் எதையும் சொல்லலாம். வலப்பக்கம் திரும்பப்போகிறேன், அல்லது முன்னால் போகிற வண்டியை முந்த வலது லேனுக்கு வரப்போகிறேன் என்பது முதலாவது. சட்டப்படியான அர்த்தம் இது ஒன்றுதான். நீ முந்தலாம் என்பது இரண்டாவது. எதிரே வண்டி வருகிறது, வராதே என்பது மூன்றாவது. நான்காவது உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். இருவழிச் சாலையில் ராத்திரி எதிரே வண்டி வரும்போது, ‘என் பாடி இதுவரைக்கும் இருக்கிறது, பார்த்து வா’ என்று எதிரே வருகிறவருக்கு வலது ஓரத்தைக் காட்டப் போடுவார்கள். பின்னால் வருகிற உங்களுக்கும் அதே விளக்குத்தான் மின்னும். அவர் பேசுவது உங்களோடே இல்லை.

இதைப் புத்தகத்தில் படித்து நான் கற்கவில்லை. லாரிக்கு வந்த இரண்டாவது வருடம், முட்டை லோடு ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகிறேன். ஆத்தூர் தாண்டி, அப்போது முழுக்க இருவழிச் சாலை, பொழுது சாய்கிற நேரம். முன்னால் ஒரு லாரி 40-இல் ஊர்ந்துகொண்டிருந்தது. வலது இண்டிகேட்டர் போட்டார். எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தவர் ‘வலது போட்டால் போ’ என்று சொல்லிக் கொடுத்தவர். எதிரே சாலை காலி. வலப்பக்கம் ஏறி, அவருடைய டீசல் டேங்க் வரைக்கும் வந்துவிட்டேன். அப்போதுதான் அவர் முன்சக்கரம் என் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். வலப்புறம் ஒரு அரிசி மண்டிக்கு உள்ளே போகிறார். அவர் செய்தது சரி, சட்டப்படி போட்ட சிக்னல். நான் பிரேக்கில் ஏறி நின்றேன். என் இடது கண்ணாடி அவர் பாடியில் உரசிப் பெயர்ந்து விழுந்தது. அவ்வளவோடு போயிற்று. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தால், பின் கதவின் இடுக்கு வழியாக மஞ்சள் கரு கயிறு கயிறாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. அடுக்கின் முன்வரிசை முழுக்க நொறுங்கிவிட்டது. அந்த லாரிக்காரர் வந்து என்னைத் திட்டவில்லை. ‘ஏன்டா, நான்தான் வலது போட்டேனே’ என்று மட்டும் கேட்டார். அவர் போட்டதால்தான் நான் வந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இன்றைக்கும் புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு முதல் நாள் இதைத்தான் சொல்கிறேன்.

விளக்கைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். வண்டியைப் பாருங்கள். வலது இண்டிகேட்டரோடு பிரேக் லைட்டும் எரிந்தாலோ, வேகம் குறைந்தாலோ, லாரி நடுக்கோட்டை நோக்கி நகர்ந்தாலோ, முன்னால் வலப்பக்கம் பங்க், மண்டி, மண்டபம், கிளைச்சாலை, நடுத்திட்டில் இடைவெளி எது இருந்தாலும் சரி, அவர் திரும்பப்போகிறார் என்றே எடுத்துக்கொண்டு பின்னால் இருங்கள். இடது இண்டிகேட்டர் போட்டு, வேகம் மாறாமல், இடது சக்கரத்தை ஓரக்கோட்டுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் சைடு கொடுக்கிறார். இடது போட்டு வேகமும் குறைந்தால் டீக்கடைக்கு ஒதுங்குகிறார், பின்பாகம் வலப்பக்கம் வீசும், அவசரப்பட்டு ஒட்டிப் போகாதீர்கள். எதுவாக இருந்தாலும் முடிவு உங்கள் கண்ணால் பார்த்த சாலையை வைத்துத்தான். லாரிக்கு ஒட்டினாற்போல் பின்னால் போனால் உங்களுக்கு அதன் பின்கதவைத் தவிர ஒன்றும் தெரியாது. 40, 50 மீட்டர் விட்டுப் பின்வாங்கினால் அதன் இரண்டு பக்கமும் சாலை தெரியும். முந்த நினைக்கிறவர் முதலில் பின்வாங்க வேண்டும். இதைப் புதியவர்களை நம்பவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

உங்கள் பாதையில் இது எங்கே முக்கியம் என்றால் சேலம்–உளுந்தூர்பேட்டைத் துண்டில். சேலம் வரை 544-ஆம் தேசிய நெடுஞ்சாலை, பெருந்துறை, பவானி, சங்ககிரி வழியாக நான்குவழி. சேலத்துக்குப் பிறகு 79-ஆம் எண் சாலை. நான்குவழியாக விரிந்து ஓடிக்கொண்டிருந்த இந்தச் சாலை, ஊர்களைச் சுற்றிப் போகிற புறவழிகளில் மட்டும் பல வருடம் இருவழியாகக் குறுகியிருந்தது. எத்தனையோ விபத்து அந்தக் குறுகலில் நடந்தது. அகலப்படுத்துகிற வேலை இடத்துக்கு இடம் வேறுவேறு நிலையில் இருக்கும், ஆகவே பழைய நினைவையோ மாமா சொன்ன கணக்கையோ வைத்து ஓட்டாதீர்கள். ‘இருவழிப் போக்குவரத்து’ என்று எதிரெதிர் அம்புக்குறி போட்ட முக்கோணப் பலகை வந்தால் அந்தக் கணமே வலது லேன் என்று ஒன்று உங்களுக்கு இல்லை. 95-இல் வந்த கால் அந்த வேகத்தை மறக்க நேரம் எடுக்கும். ஸ்பீடாமீட்டரைப் பார்த்துக் குறையுங்கள், ‘மெதுவாகத்தானே போகிறோம்’ என்ற உணர்வை நம்பாதீர்கள்.

இருவழியில் முந்த எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. லாரி 60-இல் போகிறது, நீங்கள் 80-இல் முந்துகிறீர்கள். வித்தியாசம் மணிக்கு 20 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு ஐந்தரை மீட்டர். லாரியின் நீளம், உங்கள் காரின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடம் எல்லாம் சேர்த்து 56 மீட்டர் என்று வையுங்கள். பத்து வினாடி ஆகும். அந்தப் பத்து வினாடியில் நீங்கள் 220 மீட்டர் முன்னே போயிருப்பீர்கள். எதிரே 80-இல் வருகிறவரும் 220 மீட்டர் வந்திருப்பார். ஆக, எதிரே அரை கிலோமீட்டர் காலியாகத் தெரிந்தால்தான் முந்தலாம். வளைவிலும் மேட்டிலும் பாலத்திலும் அது தெரியாது. தெரியாத இடங்களில்தான் பொதுவாக நடுவில் தொடர்கோடு போட்டிருப்பார்கள். அதைத் தாண்டக்கூடாது. இரட்டைக் கோடாக இருந்து உங்கள் பக்கத்துக் கோடு விட்டு விட்டு இருந்தால் தாண்டலாம், அதுவும் பார்த்துத்தான்.

நான்குவழியில் வேறு விதமான தொல்லை. லாரிகள் வலது லேனையே பிடித்துக்கொண்டு போகின்றன என்று கார் ஓட்டுகிற எல்லோருக்கும் கோபம். மெதுவாகப் போகிற வண்டி இடப்பக்கம்தான் போக வேண்டும், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் காரணத்தையும் சொல்கிறேன். இடது லேனில் நிறுத்திவைத்த லாரி, கரும்பு டிராக்டர், ஆள் ஏற்றுகிற பஸ், எதிர்த்திசையில் வருகிற டூவீலர் எல்லாம் இருக்கும். 25 டன் ஏற்றிய வண்டியை ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டு, கியர் இறக்கி, லேன் மாறி, மறுபடி வேகம் எடுப்பதற்குள் டீசலும் போகும், ஓட்டுகிறவர் தெம்பும் போகும். அதனால் வலதிலேயே நின்றுவிடுகிறார்கள். தெரிந்துகொண்டால் உங்கள் கோபம் குறையும். அந்தக் கோபம்தான் ஆளைத் தப்பான பக்கம் நுழையவைக்கிறது.

அப்படிப்பட்ட லாரிக்குப் பின்னால் போனால் இரண்டு முறை லைட் அடியுங்கள், ஒரு சின்ன ஹாரன் கொடுங்கள், பிறகு காத்திருங்கள். பெரும்பாலானவர்கள் இடம் கிடைத்ததும் ஒதுங்குவார்கள். முந்துவது வலப்பக்கம் என்பதே சட்டத்தின் பொது விதி. முன்னால் போகிறவர் வலப்பக்கம் திரும்பச் சிக்னல் போட்டு நடுவுக்கு வந்துவிட்டால் இடப்பக்கம் கடக்கலாம் என்பது விலக்கு. நடைமுறையில் இன்று எல்லோரும் இடப்பக்கமாகவும் ஏறிப் போகிறார்கள். நீங்களும் என்றாவது போக நேரிடும் என்பதால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். லாரியின் இடப்பக்கம் ஓட்டுநருக்கு ஏறக்குறைய குருட்டுப் பக்கம். முன்பு அங்கே ஒரு கிளீனர் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார், இப்போது பல லாரிகள் ஒற்றை ஆளாக ஓடுகின்றன. லாரியின் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கு நீங்களும் தெரியவில்லை. ஆகவே அந்தப் பக்கம் லாரிக்கு இணையாகப் போகவே கூடாது. முன்னால் நெடுந்தூரம் இடது லேன் காலியாகத் தெரிந்தால் மட்டும் ஒரே மூச்சில் கடந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னாலேயே இருங்கள்.

ஒரு லாரி இன்னொரு லாரியை முந்தும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நகராமல் நிற்பதுபோல் இருக்கும். வேண்டுமென்றே செய்வதாக நினைக்காதீர்கள். 2015 அக்டோபருக்குப் பிறகு வந்த சரக்கு வண்டிகளுக்கு 80-க்கு மேல் போகாமல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். 74-இல் போகிறவரை 78-இல் போகிறவர் முந்த ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும், அதற்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அந்த ஒரு நிமிடம் காத்திருந்தால் சென்னைக்கு ஒரு நிமிடம் தாமதம், அவ்வளவுதான்.

காரின் வேகத்தைப் பொறுத்தவரை, 2018-இல் மத்திய அரசு உயர்த்திய வேக எல்லைகளை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. எண்களை மனப்பாடம் செய்வதைவிட அந்தந்த இடத்தில் நட்டிருக்கிற பலகையைப் பின்பற்றுவதே சரி. 90-இல் போகிற கார் வினாடிக்கு 25 மீட்டர் போகிறது. ஆபத்தைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி, அதிலேயே 37 மீட்டர் போய்விடும். பிறகு காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 45 மீட்டர் என்று வைத்தாலும் மொத்தம் 80 மீட்டருக்கு மேல். மழையில் நூற்றுப்பத்துக்கு மேல் போகும்.

இப்போது உங்கள் சிக்னலுக்கு வருகிறேன். அடுத்தவர் சிக்னலை நம்பாதீர்கள் என்று சொன்னேனே தவிர, உங்களுடையதை மற்றவர்கள் நம்பும்படி போட வேண்டும். நிறையப் பேர் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே இண்டிகேட்டர் போடுகிறார்கள். அதனால் யாருக்கும் பயனில்லை. முதலில் கண்ணாடி, பிறகு இண்டிகேட்டர், அது மூன்று வினாடியாவது மின்னட்டும், மறுபடி கண்ணாடி, தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் ஒரு பார்வை, பிறகுதான் நகர்வது. 90-இல் மூன்று வினாடி என்றால் 75 மீட்டர், பின்னால் வருகிற பஸ்காரர் உங்களைப் புரிந்துகொண்டு காலை எடுக்க அது போதும். முந்தி முடித்து இடப்பக்கம் வரும்போதும் இடது இண்டிகேட்டர் போடுங்கள். முந்திய லாரி முழுதாக உள்கண்ணாடியில், அதன் இரண்டு ஹெட்லைட்டோடும் தெரிந்த பிறகு வாருங்கள். லேன் மாறும்போது ஸ்டீயரிங் அதிகம் திரும்பாததால் இண்டிகேட்டர் தானாக அணையாது. அணைக்க மறந்து பத்துக் கிலோமீட்டர் வலது மின்ன மின்னப் போகிற காரைத் தினமும் பார்க்கிறேன். பின்னால் வருகிற ஒருவர் உங்கள் மாமாவைப் போல அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

லைட் அடிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். நம் ஊர் நெடுஞ்சாலையில் எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை அடித்தால் ‘நான் வருகிறேன், நீ நில்’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘நீங்கள் போங்கள்’ என்று வழிவிட்டு லைட் அடிக்கிறவர்கள் நகரத்துக்குள் ஒருசிலர் இருக்கிறார்கள். வெளியே அந்த அர்த்தத்தை நம்பி நடுத்திட்டு இடைவெளியில் வண்டியைத் திருப்பினால் ஆபத்து. ஒன்றும் காரணம் இல்லாமல் எதிரே வருகிற பலர் வரிசையாக லைட் அடித்தால், முன்னால் விபத்தோ மாடோ போலீஸோ இருக்கும், இல்லை உங்கள் ஹை பீம் எரிந்துகொண்டிருக்கும். எதுவானாலும் காலை எடுத்துவிட்டுப் பாருங்கள். ராத்திரி இருவழியில் எதிரே வண்டி தெரிந்ததும் நீங்கள் முதலில் டிம் பண்ணுங்கள். அவர் பண்ணாவிட்டாலும் பதிலுக்குப் பிரைட் போடாதீர்கள், கண் கூசிய ஒருவர் எதிரே வருவதைவிட இரண்டு பேரும் கூசி வருவது கேடு. அவர் விளக்கைப் பார்க்காமல் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி வேகம் குறைத்துக் கடந்துவிடலாம்.

நாலு இண்டிகேட்டர் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அது நின்றுபோன வண்டிக்கும் இழுத்துச் செல்லப்படுகிற வண்டிக்கும் உரியது. நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்று காட்ட அதைப் போடுவது நம் ஊரில் பரவிப்போன தப்புப் பழக்கம். நேராகப் போக எந்தச் சிக்னலும் தேவையில்லை. பக்கச்சாலையில் நிற்கிறவருக்கு உங்கள் வண்டியின் ஒரு பக்கம் மட்டுமே தெரியும், அந்தப் பக்கத்து விளக்கு மின்னுவதைப் பார்த்து நீங்கள் தன் பக்கம் திரும்புவதாக நினைத்து அவர் ஏறிவிடுவார். மழையில் போட்டுக்கொண்டு ஓட்டுவதும் அப்படித்தான். பெரும்பாலான கார்களில் நாலும் மின்னும்போது தனி இண்டிகேட்டர் வேலை செய்யாது. நீங்கள் லேன் மாறுவது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது, நிற்கிறீர்களா ஓடுகிறீர்களா என்பதும் தெரியாது. மழைக்கு ஹெட்லைட்டை டிம்மில் போடுங்கள், பின்விளக்கும் சேர்ந்து எரியும். முன்னால் திடீரென்று எல்லா வண்டியும் நின்றுவிட்டது, நீங்கள் வேகத்திலிருந்து நிற்கிறீர்கள், அப்போது பின்னால் வருகிறவரை எச்சரிக்கச் சில வினாடி போடுவதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். என் மாணவர்களையும் அதைச் செய்யச் சொல்கிறேன். அவர் வேகம் குறைத்தது கண்ணாடியில் தெரிந்ததும் அணைத்துவிட வேண்டும்.

வண்டி நின்றுபோனால் கூடுமானவரை தார்ச்சாலைக்கு வெளியே உருட்டிவிடுங்கள். நாலு இண்டிகேட்டர், பிறகு டிக்கியில் இருக்கிற சிவப்பு முக்கோணத்தை எடுத்து 50 மீட்டராவது பின்னால், வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னால் வையுங்கள். அம்மா அப்பாவை இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக்கு வெளியே நிற்கவையுங்கள். நின்ற காருக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, அடிபட்டிருந்தால் 108. லாரிக்காரர்கள் பலர் முக்கோணத்துக்குப் பதிலாகக் கல்லை வரிசையாக வைத்து, வேப்பங்கொத்தை ஒடித்துப் பின்னால் செருகுவார்கள். வண்டி சரியானதும் ஏறிப் போய்விடுவார்கள், கல் அங்கேயே கிடக்கும். இடது லேனில் ராத்திரி தலையளவு கல் கிடந்தால் அது இப்படி வந்ததாகத்தான் இருக்கும். தழை செருகிய எதைப் பார்த்தாலும் அதற்கு முன்னால் இருப்பது நிற்கிற வண்டி என்று எண்ணுங்கள்.

நிற்கிற லாரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நெடுஞ்சாலையில் நான் பார்த்த மோசமான விபத்துகள் பெரும்பாலும் அதன் பின்னால்தான். சரக்கு வண்டியின் பின்புறம் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டியிருக்க வேண்டும், பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை. ஒட்டியிருக்கும். ஆனால் செங்கல் சூளையிலிருந்தோ கிரஷரிலிருந்தோ வருகிற வண்டியில் அதன்மேல் விரல் கனத்துக்கு மண் படிந்திருக்கும். கையால் ஒரு தடவை துடைத்தால் தெரியும், யாரும் துடைப்பதில்லை. பின்னிரவு மூன்று மணிக்கு ஓட்டுகிறவர் அசந்து, அந்த வண்டி ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்து அதன் பின்னாலேயே போய்விடுகிறார். இதனால்தான் உங்களை ராத்திரி கிளம்ப வேண்டாம் என்கிறேன். வீட்டில் தூங்கி எழுந்து காலை ஐந்துக்குக் கிளம்பினால் சேலம்–உளுந்தூர்பேட்டைத் துண்டை முழு வெளிச்சத்தில் தாண்டிவிடலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகினால் பங்க்கில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள். டீயும் பாட்டும் தூக்கத்துக்கு மாற்று இல்லை.

ஊர்ப்பக்கம் நடுத்திட்டில் விட்டிருக்கிற இடைவெளிகளையும் மறக்காதீர்கள். அடுத்த இடைவெளி இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், பால் கேனோடு டூவீலரில் வருகிறவர் எதிர்த்திசையிலேயே ஓரமாக வருவார். அவர் செய்வது தப்பு. ஆனால் அவர் வருவார் என்று தெரிந்தே நீங்கள் ஓட்ட வேண்டும். இடைவெளிக்கு அரை கிலோமீட்டர் முன்பே கால் பிரேக்மேல் தயாராக இருக்கட்டும், அந்த இடத்தில் யாரையும் முந்த வேண்டாம்.

எழுத்தில் இவ்வளவுதான் சொல்ல முடியும். நீங்கள் கண்ணாடி பார்க்கிறீர்களா, லேனுக்கு நடுவில் ஓட்டுகிறீர்களா என்பதைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால்தான் எனக்குத் தெரியும். அதனால் போவதற்கு முன், நெடுஞ்சாலை ஓட்டிப் பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவிநாசியிலிருந்து சங்ககிரி வரை இரண்டு முறையாவது போய் வாருங்கள். ஒருமுறை பகலில், ஒருமுறை இருட்டத் தொடங்குகிற நேரத்தில். கிளம்புகிற முந்தின நாள் சாயங்காலம் காரைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தி, மாமாவைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். இடது, வலது, பிரேக், நாலு இண்டிகேட்டர், ரிவர்ஸ் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். எது எரிகிறது, எது எரியவில்லை என்று அவர் வாயால் சொல்லட்டும்.